சிங்கப்பூரில் சில நாளைக்குக் காண்டோ வாடகைக்கு என்று யாராவது சொன்னால்

பழைய நண்பர்கள் எல்லாரும் சிங்கப்பூரில் கூடலாம் என்று உங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், தங்குமிடத்துக்குப் பணம் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். எங்கள் கல்லூரிக் கூட்டத்துக்கு நடந்தது இது. ஏமாற்றியவன் இன்னும் விளம்பரம் போட்டுக்கொண்டிருக்கிறான் என்பதால்தான் எழுதுகிறேன்.

திருச்சியில் ஒரே விடுதியில் இருந்தவர்கள் நாங்கள். இப்போது ஆளுக்கொரு ஊர். திருச்சியிலிருந்து நேரடி விமானம் இருக்கிறது, கோலாலம்பூரில் இருப்பவன் பேருந்து ஏறினால் வந்துவிடலாம், நானும் இன்னொருவனும் இங்கேயே இருக்கிறோம், ஆகவே சிங்கப்பூர் என்று முடிவானது. என் வீவக (அரசு கட்டிய அடுக்குமாடி) வீட்டில் அத்தனை பேரும் படுக்க இடமில்லை. ஓட்டலில் அறை எடுத்தால் இரவு பத்து மணிக்கு ஆளாளுக்குக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விடுவார்கள். விடிய விடிய ஒரே ஹாலில் பாய் போட்டு உட்கார்ந்து பேச வேண்டும், அதற்காகத்தானே வருகிறோம் என்றார்கள். நியாயமான ஆசைதான். அந்த ஆசையைத்தான் இவன் விற்கிறான்.

விடுதியில் மெஸ் செக்ரட்டரியாக இருந்த நண்பனுக்கு அந்தப் பட்டம் இன்றுவரை போகவில்லை. பணம் வசூலிப்பது, இடம் பிடிப்பது எல்லாம் அவன் வேலை. ஃபேஸ்புக்கில் விளம்பரம் பார்த்துவிட்டுக் கோயம்புத்தூரிலிருந்தே பேசி முடித்தான். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்துக்குப் பக்கம், மூன்று அறை காண்டோ (தனியார் அடுக்குமாடி வீடு), முழு வீடும் உங்களுக்கே, லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை நடக்கிற தூரம். வாடகை மொத்தம் 1,280 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), டெபாசிட் 500 வெள்ளி, இரண்டையும் முன்னாலேயே கட்டிவிட வேண்டும். எதிர்முனையில் நல்ல தமிழ், வார்த்தைக்கு வார்த்தை ‘அண்ணே’. இங்கே ஜூரோங்கில் இருக்கும் நண்பன் பேநவ் என்ற வங்கிப் பணப்பரிமாற்றச் சேவை மூலம் பணம் அனுப்பும்போது திரையில் வேறு யாரோ ஒரு பெண்ணின் பெயர் வந்தது. கேட்டதற்கு, “தங்கச்சி அக்கவுண்ட் அண்ணே” என்று பதில். தங்கச்சி என்றதும் நம் ஆட்களுக்கு மேலே கேட்கக் கூச்சம்.

பணம் போன பிறகு வந்த செய்தி இது. அப்படியே தருகிறேன்: “செக்யூரிட்டி கேட்டா ஓனரோட கசின்னு சொல்லுங்க. பெட்டியோட எல்லாரும் ஒண்ணா வராதீங்க, ரெண்டு ரெண்டு பேரா வாங்க. ஸ்விம்மிங் பூல் பக்கம் வேணாம்.” உங்களுக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் அதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம், விலகிவிடுங்கள்.

ஏனென்றால் இங்கே சட்டம் வேறு. சிங்கப்பூரில் தனியார் வீட்டையோ அதில் ஓர் அறையையோ தொடர்ச்சியாக 3 மாதத்துக்குக் குறைவாக வாடகைக்கு விடக்கூடாது. 2017க்கு முன்னால் இது 6 மாதமாக இருந்தது. வீவக வீடு என்றால் இன்றைக்கும் குறைந்தது 6 மாதம், அதிலும் சுற்றுப்பயணியாக வருபவருக்கு விடவே கூடாது. மற்ற ஊர்களில் நாள் வாடகைக்கு வீடு எடுத்துப் பழகியவர்களுக்கு இது தெரிவதில்லை. 2018இல் காண்டோ வீடுகளை இப்படி விட்ட இரண்டு பேருக்குத் தலைக்கு 60,000 வெள்ளி அபராதம் போட்டார்கள். விளம்பரம் கண்ணில் படுகிறது என்பதால் அது அனுமதி உள்ளது என்று ஆகாது.

முதல் நாள் உள்ளே போய்விட்டார்கள். ‘முழு வீடு’ என்றதில் ஓர் அறை பூட்டிக் கிடந்தது. “ஓனர் சாமான் இருக்கு அண்ணே.” ஏசி ஓர் அறையில் சொட்டிக்கொண்டே இருந்தது, அதற்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் வாளி. வாளி ஏற்கனவே அங்கே இருந்ததைக் கவனியுங்கள். யாரோ முன்னால் தங்கியவர்கள் வைத்தது. ஆனாலும் யாரும் வாய் திறக்கவில்லை. எத்தனையோ வருஷம் கழித்துக் கூடியிருக்கிறோம், செக்ரட்டரி மனசு நோகுமே என்று எல்லாரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள். தனியாக வரும் பயணி இந்நேரம் சண்டை போட்டிருப்பான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மாலையில் வீட்டை விட்டவனிடமிருந்து போன். “மேனேஜ்மென்ட்ல கம்ப்ளெயின்ட் ஆயிடுச்சு. போலீஸ் வந்தா உங்களுக்குத்தான் பிரச்சினை, அடுத்த தடவை சிங்கப்பூருக்குள்ளயே விட மாட்டாங்க. ஒரு மணி நேரத்துல காலி பண்ணிடுங்க. டெபாசிட், மீதி வாடகை எல்லாம் நாளைக்கு அனுப்பிடறேன்.” முட்டி அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவன் உட்பட எல்லாரும் அள்ளிப் போட்டுக்கொண்டு கீழே இறங்கிவிட்டார்கள். எனக்குத் தகவல் வந்து நான் போய்ச் சேர்ந்தபோது பாதுகாவலர் அறைக்கு முன்னால் பெட்டிகள் வரிசையாக நின்றன.

பாதுகாவலர் தமிழர். அவரிடம் விசாரித்தேன். புகார் எதுவும் வரவில்லை, ஞாயிற்றுக்கிழமை நிர்வாக அலுவலகமே கிடையாது என்றார். பேசிக்கொண்டிருக்கும்போதே ஒரு டாக்சி வந்து நின்றது. கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள், நான்கு பெட்டி. எந்த வீடு என்று கேட்டதும், மனப்பாடம் செய்த மாதிரி, ஓனரோட கசின் என்றார் அந்த மனிதர். அதே வீட்டு எண். பாதுகாவலர் என்னைப் பார்த்து, “பாத்தீங்களாண்ணே, வாரா வாரம் கசின்தான்” என்றார்.

சங்கதி இவ்வளவுதான். ஒரே வீட்டுக்கு இரண்டு பேரிடம் பணம் வாங்கிவிட்டு, முதலில் வந்தவர்களைச் சட்டத்தைக் காட்டி மிரட்டி வெளியேற்றுவது. தான் செய்வது சட்டவிரோதம் என்பதையே ஆயுதமாக வைத்திருக்கிறான், தங்கியவர்கள் பயந்துபோய்ப் புகார் கொடுக்க மாட்டார்கள் என்ற தைரியம். பயப்படாதீர்கள், கொடுங்கள். மேலே சொன்ன அபராதம் வீட்டை வாடகைக்கு விட்டவர்கள் மேல்தான் விழுந்தது. வீடு அவனுடையதுகூட இல்லை போலிருக்கிறது. அவனே வாடகைக்கு எடுத்து மேல்வாடகைக்கு விடுகிறான் என்பது பாதுகாவலரின் ஊகம்.

அன்று இரவு சிராங்கூன் சாலைப் பக்கம் ஓட்டல் தேடி அலைந்தது தனிக் கதை. ஞாயிறு மாலை லிட்டில் இந்தியாவில் தொழிலாளர் கூட்டம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். நடைபாதையில் பெட்டியை உருட்டவே முடியாது. கடைசியில் இரண்டு ஓட்டலில் பிரிந்து படுத்தார்கள்.

மறுநாள் பணம் கேட்டு அவனுக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்திக்கு ஒற்றை டிக் மட்டும் விழுந்தது, போய்ச் சேரவே இல்லை. போலீசில் இணையம் வழியாகவே புகார் கொடுத்தோம், செய்திகளின் படத்தோடு. வீடு பற்றி, இந்த வாடகை விதியைக் கவனிக்கும் நகர மறுசீரமைப்பு ஆணையத்துக்கும் எழுதினோம். சிறு கோரிக்கைகளுக்கான நடுவர் மன்றம் 20,000 வெள்ளி வரை உள்ள வழக்குகளை எடுக்கும், கட்டணமும் குறைவு, வழக்கறிஞர் வேண்டாம். ஆனால் எதிராளி யார், முகவரி என்ன என்று நாம் சொல்ல வேண்டும். எங்களிடம் இருப்பது ஒரு தொலைபேசி எண்ணும் ‘தங்கச்சி’ பெயரும்தான். பணம் இன்னும் வரவில்லை.

இன்னும் இரண்டு விஷயம், சுருக்கமாக. கோலாலம்பூர் நண்பன், உள்ளே வருபவர்கள் நிரப்ப வேண்டிய சிங்கப்பூர் வருகை அட்டைக்கு ஏதோ ஓர் இணையத்தளத்தில் வங்கி அட்டை எண்ணைக் கொடுத்துப் பணம் கட்டியிருந்தான். வருகை அட்டை இலவசம். குடிநுழைவு ஆணையத்தின் தளத்திலோ செயலியிலோ, வந்திறங்கும் நாளையும் சேர்த்து மூன்று நாளுக்குள் நிரப்பினால் போதும். பணம் கேட்டாலே அது வேறு யாரோ நடத்தும் தளம்.

அப்புறம் நண்டு. ஆற்றங்கரையில் வழிமறித்துக் கூப்பிடும் கடையில் மிளகாய் நண்டு சாப்பிட உட்கார்ந்தால், ‘பருவ விலை’ என்று மெனுவில் இருப்பதைப் பார்த்துச் சும்மா இருக்காதீர்கள். நூறு கிராமுக்கா, கிலோவுக்கா, இந்த நண்டு எவ்வளவு எடை என்று சமைப்பதற்கு முன்னால் கேளுங்கள். யார் விருந்து வைக்கிறார்களோ அவர்கள் முன்னால் விலை கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும். எங்களுக்கும் இருந்தது, ஆனால் அதற்குள் நாங்கள் சூடுபட்டிருந்தோம், செக்ரட்டரியே எழுந்துபோய்த் தராசைப் பார்த்துவிட்டு வந்தான். கேட்காமலே மேசைக்கு வரும் வறுத்த கடலைக்கும் ஈரத் துண்டுக்கும்கூடக் காசு உண்டு. வேண்டாம் என்றால் எடுத்துப் போய்விடுவார்கள். 10 விழுக்காடு சேவைக் கட்டணம், அதன் மேல் 9 விழுக்காடு ஜிஎஸ்டி இரண்டும் சேர்ந்து நூறு வெள்ளிச் சாப்பாடு 119 வெள்ளி 90 காசு ஆவது மட்டும் ஏமாற்று இல்லை, அது இங்கே வழக்கம்.

போன வாரம் அந்தக் காண்டோ விளம்பரம் வேறு பெயரில் திரும்ப வந்திருக்கிறது. அதே படங்கள்: மஞ்சள் சோபா, பால்கனியில் இரண்டு பிரம்பு நாற்காலி, கீழே நீச்சல் குளம். வாடகையை மட்டும் இன்னும் குறைத்திருக்கிறான். ஏற்கனவே பணம் அனுப்பிவிட்டவர்கள் யாராவது இதைப் படித்தால், உரையாடலை அழிக்காமல் வைத்துக்கொண்டு உடனே வங்கியைக் கூப்பிடுங்கள். மோசடிதானா என்று சந்தேகமாக இருந்தால் 1799 எண்ணில் கேட்கலாம், நாள் முழுவதும் எடுப்பார்கள்.