ஹட்டன் மாடிப்படிக் கடையும் நின்று நின்று போன என் லொறியும்

ஹட்டனில் கம்ப்யூட்டர் திருத்தும் ஒரு கடையைப் பற்றித்தான் எழுதுகிறேன். 22 வருஷம் தேயிலை லொறி ஓட்டியவன் நான். பேக்டரியில் தூள் மூட்டை ஏற்றி, கினிகத்தேனை, கித்துல்கல, அவிசாவளை என்று இறங்கி, கொழும்பில் ஸ்டோரில் போட்டுவிட்டு அடுத்த நாள் மேலே ஏறி வருவது. இடுப்பு போன பிறகு டொக்டர் இனி ஸ்டியரிங்கைத் தொடவே கூடாது என்றுவிட்டார். போன வருஷம் மகன் கொழும்பிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றும், மேசையில் பூட்டும் ஸ்டியரிங் ஒன்றும் கொண்டுவந்து, யூரோ ட்ரக் சிமுலேட்டர் 2 போட்டுத் தந்தான். 2012இல் வந்த கேம், செக் நாட்டுக் கம்பெனி செய்தது. அதில் வரும் ஆஸ்திரியாவின் இன்ஸ்புரூக் பக்கம் மலைப்பாதையில் பாரம் ஏற்றிக்கொண்டு இறங்கும்போது கியரைக் குறைத்து, என்ஜினாலேயே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். வட்டவளை இறக்கத்தில் நான் செய்ததும் அதுதான். அந்த வேலை கைக்குத் திரும்பி வந்ததில் எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று எழுதித் தெரியவைக்க முடியாது.

ஜூன் மழை தொடங்கியதும் கேம் நிற்கத் தொடங்கியது. படம் அப்படியே உறைந்து, சத்தம் கரகரத்து, டெஸ்க்டொப்புக்கு வந்துவிடும். முதலில் வாரத்துக்கு ஒரு தரம். பிறகு அரை மணித்தியாலம் கூடத் தாங்கவில்லை.

டவுனில் வேறொரு கடைக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். என்ன நடக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "வைரஸ், போர்மட் அடிக்கணும்" என்றார்கள். 3,500 ரூபாய் கொடுத்தேன். டி டிரைவையும் சேர்த்து அழித்துவிட்டார்கள். மகளின் கல்யாணப் போட்டோ முழுக்க அதில்தான் இருந்தது. வீட்டுக்கு வந்து போட்டால் இருபதாவது நிமிஷம் பழையபடி நின்றது. அந்தப் போட்டோ விஷயம் எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

இனி நான் எழுத வந்த கடை. ஹட்டன் பஸ் ஸ்டாண்டிலிருந்து கொஞ்சம் மேலே ஏறினால் ஒரு துணிக்கடை, அதன் பக்கத்தில் குறுகலான மாடிப்படி. மேலே ஒரே அறை. போர்ட் கிடையாது, விசாரித்துத்தான் போக வேண்டும். நோர்வூட் பஸ்ஸில் சிபியூவைக் கம்பளியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு போனேன். இருபத்தைந்து வயசு இருக்கும் தம்பி ஒருவர் இருந்தார். வயரைக்கூட மாட்டாமல் முதலில் கேட்டது இதுதான்: "எந்த இடத்துல நிக்குது மாமா? எப்பவும் ஒரே இடத்துலயா, வேற வேற இடத்துலயா?"

நல்ல மெக்கானிக் கேட்கிற கேள்வி அது. வண்டி தினமும் அதே மேட்டில் நின்றால் ஒரு காரணம், கண்ட கண்ட இடத்தில் நின்றால் வேறு காரணம். எனக்கு வேறு வேறு இடத்தில்தான் நின்றது. கேம் மட்டுமா, மற்றதும் மூடுகிறதா என்று அடுத்துக் கேட்டார். யூடியூப் பார்க்கும்போது இரண்டு தரம் குரோமும் மூடியது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

விண்டோஸில் ஈவன்ட் வியூவர் என்று ஒன்று இருக்கிறது. எந்த நேரத்தில் எந்தப் புரோகிராம், எந்தப் பைலில் விழுந்தது என்று அதில் பதிவாகியிருக்கும். திறந்து என் பக்கம் திரையைத் திருப்பிக் காட்டினார். ஒரு நாள் கேமின் பைல், இன்னொரு நாள் கிராபிக்ஸ் டிரைவர், இன்னொரு நாள் விண்டோஸின் சொந்தப் பைல். நான் முழிப்பதைப் பார்த்துவிட்டு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "பஸ்ல ஒரு சீட்டுல ஆணி நீட்டிக்கிட்டு இருக்குனு வைங்க மாமா. யாரு உக்காந்தாலும் அவங்கதான் கத்துவாங்க. கத்துறவங்க மேல தப்பு இல்ல." அந்த சீட்தான் ரேம், ஓடுகிற புரோகிராம்கள் வந்து உட்காரும் தற்காலிக நினைவகம்.

சந்தேகத்தை வைத்துக்கொண்டு உடனே புது ரேம் விற்கப் பார்க்கவில்லை. இரண்டு 8 ஜிபி ரேமையும் கழற்றி, தங்க நிறத்தில் இருக்கும் பல்லை ஸ்கூல் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்தார். நம்ம பக்கத்துப் பனியிலும் ஈரத்திலும் அந்த இடம் மங்கிப்போகுமாம், பல நேரம் அதோடே சரியாகிவிடுமாம். என்னுடையது சரியாகவில்லை. மெம்டெஸ்ட் 86ஐப் பென் டிரைவிலிருந்து ஓடவிட்டார். விண்டோஸ் ஏறுவதற்கு முன்னமே அது ஓடி, ரேமில் எழுதி எழுதி வாசித்துப் பார்க்கும். 4 சுற்று முடிய நேரம் எடுக்கும், விட்டுவிட்டுப் போகச் சொன்னார்.

அடுத்த நாள் போனேன். ஒரு ரேமில் ஒரு பிழையும் இல்லை. மற்றதில் சிவப்பு வரி வரிசையாக இருந்தது. அதோடும் விடவில்லை. நல்ல ரேமை அதே ஸ்லொட்டில் போட்டு ஓடவிட்டு, பழுது ரேமில்தான், அது மாட்டியிருக்கும் மதர்போர்டில் இல்லை என்று நிச்சயப்படுத்திக்கொண்ட பிறகுதான் மாற்றலாமா என்று கேட்டார். எத்தனையோ கராஜில் நின்றிருக்கிறேன். இப்படிக் கண்ணுக்குக் காட்டிவிட்டுச் சாமான் மாற்றியவர்கள் குறைவு.

பாவித்த 8 ஜிபி ரேம் 6,500, பார்த்த கூலி 1,500. உள்ளே சூடு தணிக்கும் ஃபேனில் அடைந்திருந்த தூசைத் துடைத்து, சூடு கடத்தும் பேஸ்ட் மாற்ற 1,000. சூடு 94 பாகையிலிருந்து 71க்கு இறங்கியதையும் திரையில் காட்டினார்.

வீட்டில் நாலு நாள் அருமையாக ஓடியது. ஐந்தாம் நாள், மகன் போட்டுத் தந்த நம்ம ஊர் பஸ் "மொட்" (கேமோடு வராமல், வெளியாட்கள் செய்து சேர்க்கிற வண்டி) ஒன்றை எடுத்தால், கேமின் கராஜிலேயே நின்றது. திரும்பப் போட்டேன், அதே இடம். இப்போது எனக்கே விளங்கியது: ஒரே இடம் என்றால் இது ரேம் இல்லை.

கடைக்குப் போன் எடுத்தேன், மூன்றாவது தரம்தான் எடுத்தார். போனிலேயே வழி சொன்னார். டொக்குமென்ட்ஸில் கேமின் பேரில் ஒரு போல்டர், அதற்குள் கேம் லொக் என்ற பைல், அதன் கடைசி வரிகளை வாசிக்கச் சொன்னார். பஸ் மொட்டின் பேர்தான் அங்கே நின்றது. கேம் வருஷத்தில் சில தரம் அப்டேட் ஆகும், பழைய வெர்ஷனுக்குச் செய்த மொட் புதியதில் பொருந்தாமல் போகலாமாம். மொட் போல்டரிலிருந்து அதை வெளியே எடுத்ததும் கேம் ஓடியது. அந்த பஸ்தான் வேண்டும் என்றால் ஸ்டீமில் (கேம் வாங்கி இறக்கும் புரோகிராம்) கேமின் புரோபர்டீஸ், பீட்டாஸ் என்ற இடத்தில் பழைய வெர்ஷனைத் தெரிவு செய்யலாம் என்றும் சொல்லித் தந்தார். இதற்குக் காசு கேட்கவில்லை.

குறையும் இருக்கிறது. நான் கேட்ட பிறகுதான் பில் எழுதினார், ரேமுக்கு 3 மாத வாரண்டியும் அப்போதுதான் அதில் ஏறியது. கேட்டு வாங்குங்கள். மாடிப்படியில் கைப்பிடி இல்லை, என்னைப் போல இடுப்பு வலி உள்ளவர்கள் கீழே நின்று கூப்பிட்டால் அவரே இறங்கிவந்து சிபியூவைத் தூக்கிக்கொண்டு போவார். போயாவுக்கும் (பௌர்ணமி லீவு) ஞாயிறுக்கும் பூட்டு. வேலை முடிய மொத்தம் 3 நாள் ஆனது, அவசரக்காரர்களுக்குச் சரிவராது. அழிந்த போட்டோவை எடுக்க முடியுமா என்று கேட்டேன். அதன்மேல் புதிதாக எழுதியாகிவிட்டது, வராத ஒன்றுக்கு உங்களிடம் காசு வாங்கமாட்டேன் என்று நேராகச் சொன்னார்.

இரண்டு மாதம் ஆகிறது, ஒரு தரமும் நிற்கவில்லை. சிபியூவை ஜன்னலடியிலிருந்து எடுத்து உள்சுவர்ப் பக்கம், பலகை மேல் வைத்திருக்கிறேன், அதுவும் அவர் சொன்னதுதான். நேற்று இரவு இன்ஸ்புரூக்கிலிருந்து கிளம்பி சால்ஸ்பர்க்கில் பாரத்தை இறக்கிவிட்டுத்தான் படுத்தேன்.