மின்ட்டா, பஸைட்டா: மதுரை வீட்டு பிசிக்கு எந்த லினக்ஸ்?

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்துவிட்டது. இன்னும் ஓராண்டு பாதுகாப்பு அப்டேட் வாங்கிக்கொள்ள வழி இருக்கிறது. அதுவும் 2026 அக்டோபர் வரைதான். விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப் வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசசராவது வேண்டும். டவுன்ஹால் ரோட்டிலும் பைபாஸ் ரோட்டிலும் அசெம்பிள் செய்து வாங்கிய நாலாம் தலைமுறை, ஆறாம் தலைமுறை ஐ5 பிசிகள் நம் வீடுகளில் இன்னும் நன்றாகத்தான் ஓடுகின்றன. எட்டு ஜிபி ரேம், ஒரு எஸ்எஸ்டி, ஜிடிஎக்ஸ் 1050 டிஐ மாதிரி ஒரு கிராஃபிக்ஸ் கார்டு. இதை எடைக்குப் போடக் கூடாது. விண்டோஸுக்குப் பதில் இலவச இயங்குதளமான லினக்ஸ் போட்டால் இன்னும் சில வருஷம் கேம் ஆடலாம். லினக்ஸில் பல வகை உண்டு; இங்கே ஒப்பிடப்போவது மின்ட், பஸைட் இரண்டையும்.

எந்த லினக்ஸ் என்று தேடினால் கிடைப்பதெல்லாம் எஃப்பிஎஸ் கணக்குதான், அதாவது நொடிக்கு எத்தனை ஃபிரேம் என்பது. இதில் நாலு ஃபிரேம் கூட வருகிறது, அதில் குறைகிறது என்று. நம் ஊருக்கு அந்தக் கணக்கு முக்கியமில்லை என்பது என் கருத்து. விண்டோஸ் கேமை லினக்ஸில் ஓட்டுவது ஸ்டீம் கேம் கடையை நடத்தும் வால்வ் 2018-ல் கொண்டுவந்த புரோட்டான். அதற்குள் இருக்கும் டிஎக்ஸ்விகே, விண்டோஸ் கேம்கள் கிராஃபிக்ஸுக்குப் பயன்படுத்தும் டைரக்ட்எக்ஸ் அழைப்புகளை லினக்ஸிலும் ஓடும் வல்கனுக்கு மாற்றித் தருகிறது. எந்த லினக்ஸில் ஸ்டீம் போட்டாலும் அதே புரோட்டான்தான் வரும். நாம் பார்க்க வேண்டியது வேறு: கார்டுக்கு என்ன வயது, நெட் ஃபைபரா போன் ஹாட்ஸ்பாட்டா, அப்டேட் நடுவில் கரண்ட் போனால் என்ன ஆகும்.

அதற்கு முன் ஒன்று. "அண்ணே, வேலோரன்ட் ஓடுமா?" என்றுதான் எங்கள் தெருப் பையன்கள் முதலில் கேட்பார்கள். ஓடாது தம்பி. அதன் வான்கார்ட், இயங்குதளத்தின் மையமான கெர்னல் வரை இறங்குகிற ஆன்டி-சீட் (ஏமாற்றி ஆடுவதைத் தடுக்கும் மென்பொருள்). லினக்ஸில் அதற்கு இடமே இல்லை. ஃபோர்ட்நைட்டும் அப்படித்தான். ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, 2024 கடைசியில் அவர்களே லினக்ஸை அடைத்துவிட்டார்கள். கவுன்டர்-ஸ்டிரைக் 2-ம் டோட்டா 2-ம் லினக்ஸுக்கென்றே வருகின்றன, கவலையில்லை. வேலோரன்ட் இல்லாமல் இருக்க முடியாது என்றால் இந்த அலசலே உங்களுக்குத் தேவைப்படாது.

சரி, விஷயத்துக்கு வருவோம். மின்ட், உபுன்டு என்ற லினக்ஸின் எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்பு மேல் கட்டியது. 22 வரிசைக்கு 2029 வரை ஆதரவு உண்டு. பஸைட், ஃபெடோரா என்ற லினக்ஸின் அட்டாமிக் வகை மேல் கட்டியது; அதில் முழு சிஸ்டமும் 'இமேஜ்' என்ற ஒரே தொகுப்பாக வரும். ஸ்டீம் உள்ளேயே வரும், என்விடியா டிரைவரும் இமேஜிலேயே இருக்கும். பெரிய வித்தியாசம் அப்டேட்டில்தான்.

மின்ட் ஒவ்வொரு பேக்கேஜாக மாற்றிக்கொண்டே போகும். ஆடிக்காற்றில் உசிலம்பட்டிப் பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போவது எல்லோருக்கும் தெரியும். கெர்னலோ டிரைவரோ பாதி மாறியிருக்கும்போது போனால், திரும்ப வந்ததும் கறுப்புத் திரையில் நிற்க வாய்ப்பு உண்டு. பூட் ஆகும்போது வரும் கிரப் மெனுவில் பழைய கெர்னலைத் தேர்ந்து உள்ளே போய், பாதியில் நின்ற பேக்கேஜ் வேலையை டெர்மினலில் முடித்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். சிஸ்டத்தைப் பழைய நிலைக்குத் திருப்பும் டைம்ஷிஃப்ட்டை முன்பே செட் செய்து வைத்திருந்தால் இன்னும் எளிது. ஆனால் அதை நாம்தான் செட் செய்ய வேண்டும், தானாக நடக்காது.

பஸைட்டில் இந்தப் பயமே கிடையாது. ஓடிக்கொண்டிருக்கும் இமேஜைத் தொடாமல் புதியதைப் பக்கத்தில் தயார் செய்கிறது. முழுதாக முடிந்தால்தான் அடுத்த பூட்டில் அதற்கு மாறும். நடுவில் கரண்ட் போனால் இறங்கியது வீணாகலாம், பிசிக்கு ஒன்றும் ஆகாது. மாறிய பிறகு ஏதாவது சரியில்லை என்றாலும் பூட் மெனுவில் முந்தைய இமேஜ் காத்திருக்கும். இந்த ஒரு விஷயத்தில் பஸைட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை.

அதற்கு விலை டேட்டா. மின்ட்டை இன்ஸ்டால் செய்ய இறக்கும் ஐஎஸ்ஓ ஃபைல் சுமார் 3 ஜிபி. பஸைட் அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். அப்டேட்டும் ஜிபி கணக்கில் வரும், அதுவும் பின்னணியில் தானே இறங்கும். அண்ணாநகரிலோ கே.கே. நகரிலோ ஃபைபர் வைத்திருப்பவருக்கு இது தெரியவே தெரியாது. மேலூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் நாளுக்கு 2 ஜிபி போன் டேட்டாவை வைத்து ஓட்டுகிறவருக்கு, காலையில் பிசியைப் போட்டு மதியத்துக்குள் அன்றைய டேட்டா காலி. ஹாட்ஸ்பாட் இணைப்பை மீட்டர்டு (அளவான டேட்டா) என்று குறித்துவைத்தால் ஓரளவு தடுக்கலாம். ஆனால் அப்டேட்டைத் தள்ளிக்கொண்டே போவதற்காகவா பஸைட் போடுவது? போன் டேட்டாதான் என்றால் மின்ட், யோசிக்கவே வேண்டாம். அதில் எந்த அப்டேட் எத்தனை எம்பி என்று பார்த்து, தேவையானதை மட்டும் டிக் செய்து இறக்கலாம்.

அடுத்தது கார்டு. ஜிடிஎக்ஸ் 900, 1000 வரிசைகளுக்கு என்விடியாவின் கடைசி டிரைவர் கிளை 580. மின்ட்டில் டிரைவர் மேனேஜரைத் திறந்து, பரிந்துரைத்ததைத் தேர்ந்து ரீஸ்டார்ட் செய்தால் போதும். பஸைட்டில் டவுன்லோடு செய்யும்போதே பழைய என்விடியாவா புதியதா என்று கேட்கும். 1050 டிஐ வைத்துக்கொண்டு ஆர்டிஎக்ஸுக்கான இமேஜை எடுத்துவிடாதீர்கள். ஜிடி 710 கார்டு என்றால் இரண்டிலுமே கேமிங்கை எதிர்பார்க்க வேண்டாம். இப்போதைய டிஎக்ஸ்விகே கேட்கும் வல்கன் 1.3 அதற்குக் கிடையாது.

கார்டு இனிமேல்தான் வாங்கப்போகிறீர்கள் என்றால், செகண்ட் ஹேண்டிலும் ஏஎம்டிதான் என் தேர்வு. ஆர்எக்ஸ் 580 வந்தது 2017-ல். அதன் டிரைவர் கெர்னலிலும், லினக்ஸோடு வரும் திறந்த மூல கிராஃபிக்ஸ் தொகுப்பான மேசாவிலுமே இருக்கிறது, தனியாக எதையும் போட வேண்டாம், எந்த நிறுவனமும் திடீரென்று கைவிட முடியாது. ஒரு எச்சரிக்கை மட்டும்: ஜிடிஎக்ஸ் 1060-க்கு 120 வாட்ஸ், ஆர்எக்ஸ் 580-க்கு 185 வாட்ஸ். வீட்டில் வைத்திருக்கும் 600 விஏ யூபிஎஸ் பெரும்பாலும் 360 வாட்ஸ்தான் தாங்கும். மானிட்டரும் அதிலேயே என்றால், கேம் ஆடும்போது கரண்ட் போகும் நேரத்தில் யூபிஎஸ்ஸும் சேர்ந்து படுத்துவிடும். சித்திரை வெயிலில் கேபினெட் ஃபேன் இல்லாமல் இந்தக் கார்டை ஓட்டவும் கூடாது.

புதுக் கார்டு வாங்குபவருக்கு நிலைமை மாறும்: அதற்கான டிரைவர் புதுக் கெர்னலோடுதான் வரும். 2025 மார்ச்சில் ஆர்எக்ஸ் 9070 வந்தபோது மின்ட் 22.1-ல் இருந்தது 6.8 கெர்னல். செப்டம்பரில் வந்த 22.2-ல்தான் 6.14. பஸைட்காரர்களுக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. எச்டிஆர் (கூடுதல் ஒளி-வண்ண வீச்சு) மானிட்டர் இருந்தாலும் பஸைட்டின் கேடிஇ பிளாஸ்மா டெஸ்க்டாப்தான் சரி; மின்ட்டின் சின்னமன் டெஸ்க்டாப், எச்டிஆர் வராத பழைய திரை முறையான எக்ஸ்11-ஐ விட்டு இன்னும் முழுதாக வெளியே வரவில்லை.

கேம் தவிர்த்த வேலைகளில் மின்ட் முந்துகிறது. ஜெராக்ஸ் கடைகளிலும் டிடிபி சென்டர்களிலும் பார்க்கும் கேனன் எல்பிபி 2900 பிரின்டரை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குத் தனி டிரைவர் வேண்டும். மின்ட்டில் கொஞ்சம் மல்லுக்கட்டினால் வேலைக்கு வரும். பஸைட்டில் அடிப்படை இமேஜைத் தொட முடியாது, எதையும் மேலே அடுக்காகத்தான் ஏற்ற வேண்டும். இந்த மாதிரிப் பழைய டிரைவருக்கு அது தலைவலி. தமிழ்99 இரண்டிலும் கீபோர்டு லேஅவுட் பட்டியலிலேயே இருக்கிறது.

கேச்சிஓஎஸ் என்ற இன்னொரு லினக்ஸ் பற்றியும் கேட்பார்கள். வேகமானதுதான், ஆனால் அடித்தளம் எதையும் உடனுக்குடன் புதுசுக்கு மாற்றிவிடும் ஆர்ச் லினக்ஸ். 2025 டிசம்பரில் ஆர்ச், என்விடியாவின் 590 டிரைவருக்கு மாறியதும், 1060 மாதிரிக் கார்டு வைத்திருந்தவர்கள் பழைய 580 டிரைவரைப் பயனர்களே பராமரிக்கும் ஏயுஆர் தொகுப்பிலிருந்து தனியாகப் போட வேண்டியிருந்தது. அந்த மாதிரிச் செய்தியைத் தேடிப் படித்துவிட்டு அப்டேட் கொடுக்கும் பழக்கம் இருந்தால் போடுங்கள். அப்பா ரேஷன் கார்டு வேலைக்கும் தங்கை ஆன்லைன் கிளாஸுக்கும் பயன்படுத்தும் பிசியில் வேண்டாம்.

ஆக, பழைய என்விடியா கார்டோடு வீட்டில் எல்லோரும் பயன்படுத்தும் பிசிக்கு மின்ட். ஏஎம்டி கார்டு, ஃபைபர் நெட், கேம் மட்டுமே என்றால் பஸைட். பஸைட் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: பயாஸில் செக்யூர் பூட் (நம்பகச் சாவி உள்ள சிஸ்டத்தை மட்டும் பூட் செய்ய விடும் வசதி) ஆனில் இருந்தால், இன்ஸ்டால் முடிந்து முதல் பூட்டில் நீலத் திரை ஒன்று வரும். என்ரோல் எம்ஓகே (பஸைட்டின் சாவியைப் பதிவு செய்வது) என்பதைத் தேர்ந்து, கேட்கும் பாஸ்வேர்டுக்கு 'யுனிவர்சல்புளூ' என்று ஆங்கிலத்தில், சின்ன எழுத்தில், இடைவெளியில்லாமல் அடிக்க வேண்டும். அடிப்பது திரையில் தெரியாது. அதைத் தவறவிட்டால், பயாஸில் செக்யூர் பூட்டை ஆஃப் செய்து உள்ளே போய் அந்தச் சாவியை மறுபடி பதிவு செய்துகொள்ளலாம்.