வலிப்பு இருக்கிறது என்று சொல்லியும் சேர்த்துக்கொண்ட ஜிம்

எனக்கு 17 வயதில் வலிப்பு வந்தது. இப்போது 32. பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஒரு உரக்கடையில் கணக்கு எழுதுகிறேன். காலையும் இரவும் லெவிடிரசிட்டம் மாத்திரை. நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை என்பதால் எடை 84 கிலோவுக்கு ஏறிவிட்டது. சர்வதேச வலிப்பு எதிர்ப்பு லீக் என்ற மருத்துவ அமைப்பு 2016-ல் விளையாட்டுகளை ஆபத்துக்கு ஏற்ப மூன்று வகையாகப் பிரித்ததைச் சொல்லி, "மலையேற்றம், ஸ்கூபா மாதிரி வேண்டாம். ஜிம்முக்குத் தாராளமாகப் போங்க, ஆனா சொல்லிட்டுச் சேருங்க" என்றார் டாக்டர்.

சொன்னேன். முதலில் போன ஜிம்மில் கட்டிய பணத்தை அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு இருட்டும்வரை வ.உ.சி. மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன்.

சமாதானபுரம் பக்கம் மாடியில் இருக்கும் இந்த ஜிம்மில் மாஸ்டர் முகம் மாறவில்லை. "எப்பம் வரும் தம்பி? வர முன்னாடி உனக்குத் தெரியுமா? எவ்வளவு நேரம் இருக்கும்?" என்று கேட்டார். எனக்கு இடது கை விரல்கள் மரத்து, ரப்பர் எரிகிற வாடை அடிக்கும். அதையும் அம்மாவின் நம்பரையும் நோட்டில் எழுதிக்கொண்டார். "குறுக்குத்துறையில தனியா குளிக்கப் போவியா?" என்றும் கேட்டார். ஆற்றில் தனியாக இறங்குவதில்லை என்றதும்தான் அட்மிஷன் போட்டார்.

மல்லாந்து படுத்து நெஞ்சுக்கு மேல் கம்பி தூக்கும் பெஞ்ச் பிரஸ் எனக்குக் கிடையாது. உட்கார்ந்து தள்ளும் மெஷின்தான். டிரெட்மில்லில் சிவப்புக் கயிறு ஒன்று தொங்கும். அதன் கிளிப்பைச் சட்டையில் மாட்டிக்கொண்டால், நாம் சாயும்போது கயிறு இழுபட்டு மெஷின் நின்றுவிடும். பல ஜிம்களில் அந்தக் கயிற்றைச் சுருட்டிக் கட்டி வைத்திருப்பார்கள். இங்கே கிளிப்பை மாட்டாமல் மாஸ்டர் பட்டனைத் தொட விடமாட்டார்.

போன நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டத்துக்கு முந்தின நாள் ரத வீதியில் சுற்றிவிட்டு இரண்டு மணிக்குத்தான் படுத்தேன். ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டேன். தப்பு முழுக்க என்னுடையது. காலையில் ஜிம்மில் டம்பெல்லைக் கீழே வைத்தது வரைதான் ஞாபகம். மீதியைப் பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். ஒருவர் சாவிக்கொத்தோடு ஓடி வந்தாராம். மாஸ்டர் தடுத்து, "யாரும் அமுக்காதிய, வாயில ஒண்ணும் வைக்காதிய" என்று சொல்லி, தலைக்கடியில் துண்டை மடித்து வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-ஐக் கூப்பிட ஒரு பையனைக் கையில் போனோடு நிறுத்தியிருக்கிறார். இரண்டு நிமிஷத்தில் நின்றுவிட்டது. ஒருக்களித்துப் படுக்க வைத்திருக்கிறார். கண் விழித்தபோது என்மேல் ஒரு போர்வை கிடந்தது, சுற்றிக் கூட்டம் இல்லை. அதற்காகவே அவருக்கு வாழ்நாள் முழுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அப்புறம் அம்மா, "ஓடினாத்தான் வருது, ஜிம்மை விடு" என்று அழுதாள். பெரும்பாலானவர்களுக்கு உடற்பயிற்சியால் வலிப்பு வருவதில்லை, தூக்கம் கெட்டதும் மாத்திரை விட்டதும்தான் காரணம் என்று டாக்டர் அவளிடம் பொறுமையாகச் சொன்னார். கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸுக்கும் வலிப்பு உண்டு, அவர் பாய்ந்து பிடித்த கேட்சுகளைப் பார் என்று நானும் யூடியூபில் போட்டுக் காட்டினேன். பத்து நாள் கழித்து டாக்டர் சரி சொன்னதும் மறுபடி போனேன்.

குறைகளையும் சொல்ல வேண்டும். மாடிப்படி செங்குத்து, ஒரு பக்கம்தான் கைப்பிடி. பாத்ரூம் தாழ்ப்பாளை வெளியிலிருந்து திறக்க முடியாது. உள்ளே விழுந்தால் கதவை உடைக்கத்தான் வேண்டும். இரண்டு தடவை சொல்லிவிட்டேன், இன்னும் மாற்றவில்லை. நான் தாழ்ப்பாள் போடாமல், ஒரு ஆளை வெளியே நிறுத்திவிட்டுத்தான் போகிறேன். சித்திரை, வைகாசியில் காலை ஏழு மணிக்கு மேல் உள்ளே புழுக்கம் தாங்காது, தண்ணீர் பாட்டில் கொண்டு போங்கள்.

மாதம் 800 ரூபாய். காலை 5.30-க்குத் திறக்கிறார்கள். வலிப்பு உள்ளவர்கள் மாஸ்டர் இருக்கும் காலை நேரத்திலேயே சேருங்கள்; சாயந்தரம் வரும் பையனுக்கு இன்னும் இதெல்லாம் பழகவில்லை. மாத்திரைச் சீட்டின் நகல் ஒன்று கையோடு கொண்டு போனால் நோட்டில் ஒட்டி வைத்துக்கொள்வார்.