தான்சானியாவுக்கு வாலண்டியர் டீச்சரா போறவங்க இதைப் படிச்சுட்டு பணம் கட்டுங்க

முந்தாநாள்தான் அருஷாவுலேர்ந்து திரும்பி வந்தேன், ஆத்திரம் இன்னும் அடங்கல. 1,85,000 ரூபாய் போச்சு. பசங்களுக்கு கணக்கு சொல்லித்தரலாம்னு போன இடத்துல.

வெளிநாட்டு வாலண்டியர் வேலைக்கு ஆள் அனுப்புற ஒரு ஆன்லைன் ஏஜென்சி. கவர்மெண்ட் பிரைமரி ஸ்கூல்ல மூணு மாசம், தங்குற இடம், பர்மிட் எல்லாம் எங்க பொறுப்புன்னாங்க. நான் ஒண்ணும் எடுத்த உடனே நம்பிடல, ரெண்டு வாரம் இழுத்தடிச்சேன். அப்புறம் ஒருநாள் அங்க இருக்குற கோஆர்டினேட்டர் ஸ்கூல்ல நின்னுக்கிட்டே வீடியோ கால் போட்டாரு, பின்னாடி நீல ஸ்வெட்டர் போட்ட பசங்க "கரிபு ம்வாலிமு"ன்னு, அதாவது வாங்க டீச்சர்னு, ஒரே குரல்ல கத்துனாங்க, ஒரு சின்னப் பொண்ணு கேமராகிட்ட ஓடிவந்து நோட்டைத் திறந்து காட்டுச்சு, பக்கம் பூரா ஏழாம் வாய்ப்பாடு. அன்னிக்கு ராத்திரியே 1,35,000 அனுப்பிட்டேன்.

டூரிஸ்ட் விசாவுல வாங்க, இங்க வந்து மாத்திக்கலாம்னு சொன்னதையும் அப்படியே நம்புனேன்.

போனா ஹெட்மாஸ்டர், பாவம் ரொம்ப மரியாதையான மனுஷன், மாவட்டக் கல்வி ஆபீஸ் லெட்டர் இல்லாம கிளாஸுக்குள்ள விட முடியாதுங்கறாரு. வாங்கிட்டுப் போன சாக்பீஸ் டப்பாவை மடியில வச்சுக்கிட்டு வராண்டாவுல உட்கார்ந்திருந்தேன். கோஆர்டினேட்டர் பர்மிட்டுக்குன்னு டாலரா, நம்ம காசுல 50,000 ரூபாய், கையில வாங்கிக்கிட்டு கார்பன் வச்ச பில் புக்குல ஒரு சீட்டு கிழிச்சுக் கொடுத்தாரு. அதுக்கப்புறம் எப்பக் கேட்டாலும் "கேஷோ". நாளைக்காம். பத்தொன்பது நாள் கேஷோ.

இருபதாவது நாள் டாலடாலா வேன்ல ஏறி நானே இமிக்ரேஷன் ஆபீஸ் போனேன். கவுண்டர்ல இருந்தம்மா அந்தச் சீட்டைப் பார்த்துட்டு, கண்ட்ரோல் நம்பர் எங்கன்னு கேட்டாங்க. அங்க கவர்மெண்ட் ஃபீஸ் எதுவா இருந்தாலும் ஒரு கண்ட்ரோல் நம்பர் வரும், அதை வச்சு பேங்க்லயோ மொபைல்லயோதான் கட்டணும். என் பேர்ல அப்ளிகேஷனே இல்ல. வாலண்டியருக்கு கிளாஸ் சி ரெசிடென்ஸ் பர்மிட்னு தனியா இருக்கு, டூரிஸ்ட் விசாவுல பாடம் எடுத்திருந்தா நீங்கதான் மாட்டியிருப்பீங்கன்னாங்க. கை நடுங்கிருச்சு.

ஏஜென்சிக்கு மெயில் போட்டா, ஆப்பிரிக்கால எல்லாம் மெதுவாத்தான் நடக்கும் பொறுமையா இருங்கன்னு பதில். எனக்கு அந்த ஆபீஸ்ல பத்து நிமிஷத்துல பதில் கிடைச்சது, இவங்க ஊர் மேல பழியைப் போடுறாங்க! அடுத்த மெயிலுக்கு, லோக்கல் பார்ட்னர் செஞ்சதுக்கு நாங்க பொறுப்பில்ல, ஃபீஸ் திரும்பத் தர மாட்டோம். மூணாவதுக்கு பதிலே இல்ல. 1,85,000 ரூபாய்ங்க, ஒன்றரை வருஷ சேமிப்பு.

எப்படி செக் பண்ணணும்னு விவரமா எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்ப முடியல. கல்வி ஆபீஸ் லெட்டரை கிளம்புறதுக்கு முன்னாடியே கேளுங்க. பர்மிட் காசை யார் கையிலயும் கொடுக்காதீங்க, கண்ட்ரோல் நம்பர் கேளுங்க. ஸ்கூலுக்கு நீங்களே நேரடியா போன் பண்ணிப் பேசுங்க.

சைபர் மோசடி புகார் நம்பர் 1930க்கு கூப்பிட்டு சொல்லியாச்சு, நாளைக்கு சைபர் கிரைம் ஆபீஸ் போறேன். இதே மாதிரி மாட்டுனவங்க இருந்தா எனக்கு எழுதுங்க, சேர்ந்தே புகார் கொடுக்கலாம்.