ஆயிரத்தில் ஒரு பங்கு மனிதர்: உடலின் தனிமங்கள் அடங்கிய பெட்டி

பதினாறு வருடமாக ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியனாக இருக்கிறேன். சோடியம் 140, பொட்டாசியம் 4.2, கால்சியம் 9.4 என்று ரிப்போர்ட்டில் எழுதாத நாள் கிடையாது. ஆனால் அந்தப் பொருள்களை உலோகமாகக் கண்ணெதிரே வைத்துப் பார்த்ததில்லை. பள்ளியில் ஆசிரியர் எண்ணெய்க்குள் கிடந்த சோடியத்தைத் தூரத்திலிருந்து காட்டியதோடு சரி. அதனால்தான் இந்தப் பெட்டியைப் பார்த்ததும் யோசிக்காமல் வாங்கினேன்.

மரப்பெட்டி, உள்ளே பன்னிரண்டு கண்ணாடிக் குழாய்கள். 70 கிலோ எடையுள்ள ஒருவர் உடலில் எந்தத் தனிமம் எவ்வளவு இருக்குமோ, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதாவது உடலில் ஒரு கிலோ என்றால் இங்கே ஒரு கிராம். வாயுக்களை மட்டும் இந்தக் கணக்கில் அடைக்க முடியாது. ஆக்சிஜன் பங்கான 43 கிராமை வாயுவாக வைத்தால் முப்பது லிட்டருக்கு மேல் இடம் பிடிக்கும். அதனால் ஆக்சிஜனையும் ஹைட்ரஜனையும் சேர்த்து 42 கிராம் தண்ணீராகவே கொடுத்துவிட்டார்கள். உடலில் சுமார் 60 சதவீதம் தண்ணீர் என்பதால் இது சரியான முடிவு. நைட்ரஜன், குளோரின், அயோடின் மூன்றும் அளவுப்படி இல்லை என்று அட்டையிலேயே போட்டிருக்கிறார்கள். அந்த நேர்மை பிடித்திருந்தது.

கார்பன் 16 கிராம், கட்டைவிரல் தடிமனில் ஒரு கிராஃபைட் துண்டு. கந்தகம் ஒரு சிட்டிகை மஞ்சள் தூள். மெக்னீசியம் இரண்டு சென்டிமீட்டர் நாடா. இரும்புக் குழாய் காலியாக வந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்த பிறகுதான் அடியில் இமை முடி போல ஒரு கம்பி தெரிந்தது. 4 மில்லிகிராம். அப்படியானால் முழு உடம்பில் 4 கிராம்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு ஹீமோகுளோபினில் இருக்கிறது. ஹீமோகுளோபின் 6 என்று வரும் நோயாளிகள் படியேறவே மூச்சு வாங்கி உட்காருவார்கள். அந்தக் கம்பியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என்னை உண்மையில் உட்கார வைத்தது சோடியமும் பொட்டாசியமும்தான். இரண்டும் எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பி, வாயை உருக்கி மூடிய ஆம்ப்யூலில் (சின்னக் கண்ணாடிக் குப்பியில்), அழுக்கே இல்லாமல், வெள்ளி மாதிரி பளபளக்கின்றன. ரிப்போர்ட்டில் சோடியம் 140, பொட்டாசியம் 4 என்று பார்த்துப் பழகிய கண்ணுக்கு சோடியம்தான் மலை போலவும் பொட்டாசியம் துளியாகவும் இருக்கும் என்ற எண்ணம். பெட்டியில் தலைகீழ். சோடியம் 100 மில்லிகிராம், பொட்டாசியம் 140. ஒரு நிமிடம் அட்டையில் அச்சுப்பிழையோ என்றுகூடப் பார்த்தேன். அப்புறம்தான் உறைத்தது. உடலின் பொட்டாசியத்தில் 98 சதவீதம் செல்லுக்குள் இருக்கிறது. நான் தினமும் அளப்பது வெளியே சீரத்தில், அதாவது ரத்தத்தின் தெளிந்த நீர்ப்பகுதியில், இருக்கும் மிச்சத்தை. படித்த விஷயம்தான், பாடத்தில் மனப்பாடம் செய்ததும்கூட. ரத்தம் எடுக்கும்போது சிரிஞ்சை வேகமாக இழுத்து சிவப்பணு உடைந்துவிட்டால் பொட்டாசியம் எகிறும், உடனே மறு சாம்பிள் கேட்போம். அந்தத் தொந்தரவுக்கான காரணம் இரண்டு ஆம்ப்யூலாக மேஜையில் இருந்தது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த இருவருக்கு இந்த இரண்டையும் கையில் கொடுத்துத்தான் ஹீமோலைஸ் ஆன, அதாவது சிவப்பணு உடைந்துபோன, சாம்பிளை விளக்கினேன். உடனே புரிந்துகொண்டார்கள்.

இன்னொன்று. இயற்கையான பொட்டாசியத்தில் 0.012 சதவீதம் கதிரியக்கமுள்ள பொட்டாசியம்-40. ஒரு பெரியவர் உடலில் நொடிக்கு 4,000-க்கும் மேற்பட்ட அணுக்கள் சிதைகின்றன. இந்தச் சின்ன ஆம்ப்யூலிலும் நொடிக்கு நாலைந்து சிதைந்துகொண்டே இருக்கும். அட்டையில் இதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, சொல்லியிருக்க வேண்டும்.

அட்டையில் அதைவிடப் பெரிய குறை, சோடியம், பொட்டாசியத்தின் இந்த உலோக வடிவம் உடலில் கிடையவே கிடையாது என்று எங்கும் எழுதவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் பார்த்துவிட்டு, "அக்கா, இது தண்ணியில பட்டா வெடிக்கும்ல, அப்போ நமக்குள்ள ஏன் வெடிக்கல?" என்று கேட்டான். சரியான கேள்வி. நமக்குள் இருப்பது ஓர் எலக்ட்ரானை இழந்துவிட்ட அயனி. தண்ணீரோடு நடக்க வேண்டிய சண்டை எப்போதோ முடிந்துவிட்டது. 1807-ல் ஹம்ப்ரி டேவி மின்சாரம் பாய்ச்சித்தான் இவற்றை முதன்முதலாக உலோகமாகப் பிரித்தார். இரண்டு வரி போதும், அச்சடிக்கும்போது சேர்த்திருக்கலாம். பாஸ்பரஸ் குழாய்க்கு மட்டும் வரலாறு போட்டிருக்கிறார்கள்: 1669-ல் ஹம்பர்க்கில் ஹென்னிக் பிராண்ட் சிறுநீரைக் காய்ச்சிக் கண்டுபிடித்தது. குழாயில் இருப்பது தீப்பிடிக்கும் வெள்ளை வகை இல்லை, சிவப்புத் தூள். பாதுகாப்புக்கு அதுதான் சரி.

அயோடின் அழகு. குழாயை உள்ளங்கையில் கொஞ்ச நேரம் பொத்தி வைத்து, வெள்ளைத்தாளின் மேல் பிடித்தால் இளம் ஊதாப் புகை தெரிகிறது. முழு உடம்பிலும் இது 20 மில்லிகிராமுக்குள்தான். தைராய்டு டெஸ்டில் டி3, டி4 என்று இரண்டு ஹார்மோன்களை எழுதுகிறோமே, அந்த 3-ம் 4-ம் ஒரு மூலக்கூறில் எத்தனை அயோடின் அணு என்ற எண்ணிக்கைதான்.

இப்போது பிரச்சினைக்கு வருகிறேன். கால்சியத்தை மட்டும் ஆம்ப்யூலில் போடாமல் பிளாஸ்டிக் திருகு மூடி போட்ட குழாயில் அனுப்பியிருந்தார்கள். வந்த அன்று சாம்பல் கலந்த வெள்ளி நிறத்தில் சில்லுகள். மூன்று வாரத்தில் மேலெல்லாம் வெள்ளை பூத்துவிட்டது, குழாயைத் தட்டினால் பொடி உதிர்கிறது. காற்றும் ஈரமும் உள்ளே போனால் கால்சியம் அப்படித்தான் ஆகும், விற்பவர்களுக்கு இது தெரியாமல் இருக்காது. படம் எடுத்து அனுப்பினேன். பத்து நாள் கழித்து மாற்றுக் குழாய் வந்தது, அதற்கும் அதே மூடி. மெழுகு உருக்கி நானே அடைத்து வைத்திருக்கிறேன். உடலின் கால்சியத்தில் 99 சதவீதத்தை எலும்பும் பல்லும் பத்திரமாக வைத்திருக்கின்றன. அதைக் காட்ட வந்த பெட்டியில் கால்சியத்துக்கு இந்தக் கதி வந்ததில் எனக்கு வருத்தம்.

துத்தநாகம் இல்லாததும் குறைதான். உடலில் 2 கிராமுக்கு மேல் இருக்கிறது, இரும்பில் பாதிக்கும் அதிகம். இரும்பு வைத்தவர்களுக்கு அதை வைப்பது கஷ்டமில்லை.

சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டும் இடத்தில் வைக்காதீர்கள். சோடியம், பொட்டாசியம் ஆம்ப்யூல் உடைந்தால் ஆபத்து. பத்தாம் வகுப்புக்கு மேல் படிப்பவர்கள், நர்சிங், லேப் படிப்பில் இருப்பவர்கள் தயங்காமல் வாங்கலாம். ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். கால்சியத்தையும் கண்ணாடியால் உருக்கி மூடி, ஒரு துண்டு துத்தநாகமும் சேர்த்தால் மீதி ஒன்றையும் தந்துவிடுவேன்.