அமைப்புகள் சேமிக்கப்படவில்லை: பாவித்த மடிக்கணினி வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

தை மாதத் தொடக்கத்தில் யாழ் நகரிலுள்ள ஒரு கடையில் 95,000 ரூபாவுக்குப் பாவித்த மடிக்கணினி ஒன்றை வாங்கினேன். பணம் என்னுடையதன்று. கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள பொறியியல் பீடத்தில் படிக்கும் தன் மகளுக்காகக் கனடாவிலிருந்து என் தமையனார் அனுப்பியது. ஆகவே அதன் பின்னர் பழுது பார்த்ததாகச் சொல்லி அந்தக் கடையில் வாங்கிய 25,000 ரூபாவுக்கும் நானே அவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டியதாயிற்று. முறைப்பாடு விசாரணையில் இருப்பதால் கடையின் பெயரைத் தவிர்த்து, நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

பெறாமகளுக்கு வேண்டியது மின்சுற்றுகள் எப்படி இயங்கும் என்று கணினியிலேயே போலச்செய்து பார்க்கும் எல்டிஸ்பைஸ் என்ற மென்பொருள். வாங்கிய அன்றே கடைக்காரர் அதை நிறுவித் தந்ததோடு, "படிப்புக் கோப்புகள் எல்லாத்தையும் டி ட்ரைவிலயே வையுங்கோ" என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை சொல்லியும் அனுப்பினார். அக்கறையோடு சொல்கிறார் என்று எண்ணி நன்றியும் சொல்லிவிட்டு வந்தேன்.

முதற் கிழமையிலேயே தொல்லை தொடங்கியது. அந்த மென்பொருளில் வரைபுகள் கறுப்புப் பின்னணியில் தோன்றும். அறிக்கையில் அச்சிடுவதற்காக அவள் அதை வெள்ளையாக மாற்றுவாள். மின்கூறுகளின் மாதிரிகள் இருக்கும் கோப்புறையின் பாதையையும் அமைத்து வைப்பாள். சில நாட்களில் இவை அப்படியே இருக்கும். வேறு சில நாட்களில் திறந்தால் பழைய கறுப்பும் வெறுமையான பாதையும் திரும்பி வந்திருக்கும். ஆனால் அவள் வரைந்த சுற்றுகளுக்கோ எழுதிய அறிக்கைகளுக்கோ ஒருநாளும் எதுவும் நேரவில்லை. அதனால் பிழை மென்பொருளில்தான் இருக்கிறதென்று இருவரும் நம்பினோம்.

அந்த நம்பிக்கைக்கு ஒரு நியாயமும் இருந்தது. எல்டிஸ்பைஸின் கட்டுப்பாட்டுப் பலகத்தில் சில தெரிவுகளுக்குப் பக்கத்தில் மட்டும் சதுர அடைப்புக்குள் ஒரு நட்சத்திரக் குறி இருக்கிறது. குறியுள்ளவை அடுத்த முறை திறக்கும்போதும் நிலைத்திருக்கும். குறியில்லாதவை மென்பொருளை மூடியதும் இயல்பு நிலைக்குத் திரும்பிவிடும். அலைவடிவத் தரவுகளைச் சுருக்கும் அமைப்பு இரண்டாம் வகையைச் சேர்ந்தது. பயனர்கள் இயல்பு நிலையையே பாவிக்க வேண்டும் என்பதற்காக அதை வேண்டுமென்றே நினைவில் வைக்காமல் விட்டிருக்கிறார்கள். அலையை அதன் அதிர்வெண்களாகப் பிரித்துப் பார்க்கும் ஃபூரியர் பகுப்பாய்வுக்காக அந்தச் சுருக்கத்தை நிறுத்த விரும்பினால், 'பிளொட்வின்சைஸ்' என்ற பெறுமானத்தைப் பூச்சியமாக்கும் கட்டளையை அந்தந்தச் சுற்று வரைபிலேயே எழுதி வைக்க வேண்டும். இதை அவள் தானாகவே கண்டுபிடித்துச் சரிசெய்தாள். ஆனால் மாதிரிகளின் பாதைக்கு நட்சத்திரக் குறி இருந்தும் அது நிலைக்கவில்லை.

மாசியில் கடைக்குக் கொண்டுபோனபோது, அங்கிருந்த தம்பி இரண்டு நிமிடம்கூடப் பார்க்காமல், உரிமம் இல்லாத பிரதி என்பதால்தான் சேமிக்கவில்லை என்றும் முழுப் பதிப்புக்கு 6,500 ரூபா ஆகும் என்றும் சொன்னார். கொடுத்தேன். மாலையில் எங்கள் முன்னிலையிலேயே நிறத்தை மாற்றி, மென்பொருளை மூடித் திறந்து, "பாருங்கோ, நிக்குது" என்று காட்டினார். கணினியை நிறுத்தி மறுபடி இயக்கிக் காட்டச் சொல்ல எனக்கு அன்று தோன்றவில்லை. எல்டிஸ்பைஸை அனலொக் டிவைசஸ் நிறுவனம் தன் இணையத்தளத்தில் எவருக்கும் இலவசமாகவே வழங்குகிறது என்பதும், விலைகொடுத்து வாங்கும் முழுப் பதிப்பு என்ற ஒன்றே அதற்கு இல்லை என்பதும் பின்னர்தான் தெரிந்தன.

பங்குனியில் மறுபடியும் அதே குறை. இம்முறை வன்தட்டு பழுதாகிவிட்டது என்றார்கள். அதற்குப் பதிலாகப் புதிய எஸ்எஸ்டி சேமிப்பகம் பொருத்தி விண்டோஸையும் புதிதாக நிறுவியதாகப் பற்றுச்சீட்டில் எழுதி 18,500 ரூபா வாங்கினார்கள். பழைய வன்தட்டைக் கேட்டுப் பெற்றுக்கொண்டது, இந்த விவகாரம் முழுவதிலும் நான் புத்தியோடு செய்த ஒரேயொரு காரியம்.

உண்மையைக் கண்டுபிடித்தது பெறாமகள்தான். வழக்கமாக அவள் கணினியை நிறுத்துவதில்லை. மூடியைச் சாத்தி உறக்க நிலையில் விட்டுவிடுவாள். சித்திரையில் ஒருநாள் விடுதியில் மின்கலம் முற்றாகத் தீர்ந்து கணினி நின்றுபோனது. மறுபடி இயக்கியபோது எல்டிஸ்பைஸின் அமைப்புகளோடு திரைப் பின்னணிப் படமும் பழையபடி மாறியிருந்தது. உடனே முகப்புத் திரையில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கி, கணினியை நிறுத்தி மறுபடி இயக்கிப் பார்த்தாள், கோப்பு இல்லை. எல்டிஸ்பைஸ் தன் அமைப்புகளை எழுதிவைக்கும் ஐஎன்ஐ கோப்பைப் பயனரின் 'அப்டேட்டா' கோப்புறைக்குள் தேடிப் பார்த்தால், ஒவ்வொரு தடவை இயக்கியதும் அதன் திருத்திய திகதி, கடையிலிருந்து கணினி திரும்பிவந்த நாளுக்கே போய் நின்றது. பீடத்து அண்ணா ஒருவர் சொன்னபடி கொன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றையும் அழுத்திக்கொண்டு எஃப்6 விசையைத் தட்டியதும் கடவுச்சொல் கேட்டு ஒரு பெட்டி எழுந்தது. அது டீப் ஃபிரீஸ்.

பாடசாலை ஆய்வுகூடங்களிலும் நெற் கஃபேக்களிலும் நியாயமான தேவைக்குப் பாவிக்கப்படும் மென்பொருள் அது. உறைய வைக்கப்பட்ட சி ட்ரைவில் யார் எதை மாற்றினாலும், அடுத்த முறை கணினி இயங்கும்போது எல்லாம் அழிந்து பழைய நிலை திரும்பிவிடும். வழக்கமாகத் திரையின் மூலையில் பனிக்கரடிச் சின்னமொன்று தெரியும். எங்கள் கணினியில் அதை மறைத்து வைத்திருந்தார்கள். டி ட்ரைவை மட்டும் உறைய வைக்காமல் விட்டிருந்தபடியால் அவளுடைய கோப்புகள் தப்பின. அந்தப் புத்திமதியின் பொருள் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

கடைக்காரரிடம் நேரே கேட்டேன். "வைரஸ் வராமல் இருக்கத்தான் போட்டனாங்கள், எல்லாருக்கும் போடுறதுதானே" என்றார். அந்த உறைவினால் விண்டோஸின் பாதுகாப்பு இற்றைப்படுத்தல்களும் ஒவ்வொரு தடவையும் அழிந்துபோயின என்பதற்கு அவரிடம் பதில் இல்லை. கடவுச்சொல் அவர்களிடமே இருந்தது. ஒவ்வொரு தடவையும் உறைவை நீக்கி, வேலை செய்து, மறுபடி உறைய வைத்தே தந்திருக்கிறார்கள்; ஆகவே காரணம் தெரியாமல் பணம் வாங்கினார்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. பழைய வன்தட்டை, தட்டுகளின் நிலையைக் காட்டும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற மென்பொருள் கொண்டு சோதித்தபோது 'நன்று' என்றே காட்டியது. 'சிஸ்டம்இன்ஃபோ' கட்டளை தந்த விண்டோஸ் நிறுவல் திகதியோ, நாங்கள் கணினியை வாங்கிய நாளுக்கும் முந்தியது. பற்றுச்சீட்டிலுள்ள 'புதிய விண்டோஸ்' வெறும் எழுத்து. பழைய தட்டில் இருந்ததை அப்படியே பிரதியெடுத்திருக்கிறார்கள்.

பாவித்த கணினி வாங்கப் போகிறவர்கள், பணம் கொடுக்குமுன் கடையிலேயே முகப்புத் திரையில் ஒரு கோப்பை உருவாக்கி, கணினியை நிறுத்தி மறுபடி இயக்கி, அது இருக்கிறதா என்று பாருங்கள். மென்பொருளை மட்டும் மூடித் திறந்து காட்டுவதை ஏற்காதீர்கள். பழுது என்று கழற்றும் பாகத்தைக் கையோடு வாங்கி வாருங்கள். பற்றுச்சீட்டில் 'சேவைக் கட்டணம்' என்று மொத்தமாக எழுதாமல் ஒவ்வொன்றையும் பிரித்து எழுதச் சொல்லுங்கள்.

வேறொருவரிடம் கொடுத்து எஸ்எஸ்டியை முழுமையாக அழித்து விண்டோஸை நிறுவிய பிறகு அமைப்புகள் ஒன்றும் மாறவில்லை. இலவச மென்பொருளின் இணையப் பக்கத்தைக் காட்டியதும் 6,500 ரூபாவைக் கடைக்காரர் முணுமுணுத்துக்கொண்டு திருப்பித் தந்தார். 18,500 ரூபாவைத் தர மறுத்துவிட்டார். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்கும் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்துமூலம் முறையிட்டிருக்கிறேன். முறைப்பாட்டை மூன்று மாதங்களுக்குள் கொடுக்க வேண்டும் என்பதால், தை மாத விற்பனையை விட்டுவிட்டுப் பங்குனிப் பற்றுச்சீட்டை மட்டுமே முன்வைக்க முடிந்தது. ஆலோசனை வேண்டுவோர் 1977 என்ற இலக்கத்தை அழைக்கலாம்.