பதினாறு வகையா, ஐந்து அளவுகோலா?

ஓ.எல். எழுதிவிட்டு ஏ.எல்.லுக்கு எந்தப் பிரிவு என்று யோசித்துக்கொண்டிருக்கும் அக்காவின் மகன், போனில் ஒரு ரெஸ்ற் செய்தான். நான்கெழுத்தில் விடை வந்தது. "நான் இந்த ரைப், மாமா. மற்ஸ் எனக்குச் சரிவராதாம்." அக்காவுக்கோ அவன் மற்ஸ்தான் செய்யவேண்டும். உளவியல் படித்த பாவத்துக்கு வழக்கு என்னிடம் வந்தது.

இந்த நான்கெழுத்து, மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனையின் வழிவந்தது. காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் மயர்ஸும் உளவியலை முறையாகப் படித்தவர்கள் அல்லர். உளவியலாளர் யுங் 1921இல் சொன்ன ஆளுமை வகைகளை வளர்த்து, மனிதரை 16 பெட்டிகளில் போட்டார்கள். பெட்டிதான் சிக்கல். பெரும்பாலானோர் நிற்பது நடுவில்; கோட்டுக்கு இந்தப்பக்கம் ஒரு புள்ளி என்றால் அகமுகி (தனக்குள் ஒதுங்குபவர்), அந்தப்பக்கம் என்றால் புறமுகி (பலரோடு பழகுபவர்). சில கிழமை கழித்துத் திரும்பச் செய்தால் பலருக்கு எழுத்து மாறிவிடும்.

இன்னொரு சோதனை, ஆளை ஐந்து அளவுகோலில் அளக்கும் ஐங்காரணி அளவீடு (Big Five). அது அகராதியிலிருந்து வந்தது. 1936இல் ஆல்போர்ட், ஓட்பர்ட் என்ற இரு உளவியலாளர்கள் ஆளை விவரிக்கும் ஏறத்தாழ 18,000 ஆங்கிலச் சொற்களைப் பொறுக்கினார்கள். பின்வந்தவர்கள் சலித்துச் சலித்து ஐந்தாக்கினார்கள்: புதுமை நாட்டம், பொறுப்புணர்வு, புறமுகம், இணக்கம், மனப்பதற்றம். பெட்டி இல்லை, ஒவ்வொன்றிலும் எவ்வளவு என்பது மட்டும். கவர்ச்சி குறைவுதான்; 'பொறுப்புணர்வு சராசரிக்குக் கொஞ்சம் கீழே' என்று எந்தப் பெடியன் ஸ்டேட்டஸ் போடுவான்? ஆனால் பரீட்சைப் பெறுபேற்றோடு ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒத்துவருவது அந்தப் பொறுப்புணர்வே. இரண்டில் ஒன்று என்றால் எனக்கு இதுதான்.

அதையும் செய்வித்தேன். 'விருந்துகளில் பலரோடு பேசுவேன்' என்ற வரிக்கு 'இல்லை' போட்டான். நல்லூர்த் திருவிழா 25 நாளும் தண்ணீர்ப்பந்தலில் நின்று ஊரையே சிரிக்கவைத்தவன்! விருந்து என்றதும் அவனுக்கு நினைவு வந்தது சொந்தக்காரர் வீட்டுப் பிறந்தநாளாம். 'என் பொருட்களை ஒழுங்காக வைப்பேன்' என்பதற்கு 'ஆம்' போடப் போக, பின்னால் நின்ற அக்கா, "எட, பொய் சொல்லாதை! மாத்தடா!" என்றா. மாற்றினான். அந்தப் புள்ளி யாருடைய ஆளுமை?

சரி, ஆள் எப்படியென்று ஓரளவு அளந்தாயிற்று. அவனை உந்துவது எது?

உளவியலாளர் மாஸ்லோவின் 1943ஆம் ஆண்டுத் தேவைப் படிகளை ஆசிரியர் பயிற்சிக் குறிப்புகளில் காணலாம்: முதலில் பசி, பிறகு பாதுகாப்பு, உச்சியில் தன் ஆற்றலை முழுதாக எட்டுவது. படிவரிசை இறுக்கமானதல்ல என்று அவரே சொன்னார். குறிப்புகளில் அது விடுபட்டுப்போகும். கரண்ட் இல்லாத தொண்ணூறுகளில் ஜாம் போத்தல் விளக்கில், பொம்மர் சத்தத்துக்கு நடுவே ஏ.எல். படித்த தலைமுறைக்கு அந்தப் படிக்கட்டை எப்படி விளக்குவது?

எனக்குப் பிடித்தது உளவியலாளர் எட்வர்ட் டெசியின் வழி. 1971இல் புதிர்க்கட்டைகளைக் கொடுத்து, ஒரு குழுவுக்கு மட்டும் தீர்க்கும் புதிருக்கு ஒரு டொலர் கொடுத்தார். பிறகு காசை நிறுத்தினார். காசு கண்டவர்கள் ஓய்வு நேரத்தில் கட்டையைத் தொடுவது குறைந்தது. சிறிய பரிசோதனைதான். ஆனால் விருப்பத்தை அளந்த விதம் பாருங்கள்: கேள்வித்தாளை நம்பவில்லை. சஞ்சிகைகளோடும் புதிரோடும் ஆளை எட்டு நிமிடம் தனியே விட்டு, தெரியாமல் பார்த்திருந்தார்கள்.

மூன்று ஏ எடுத்தால் மோட்டார் சைக்கிள் என்று அத்தான் சொல்லியிருப்பதால் இதை அக்காவிடம் விளக்கினேன். "அப்ப நாங்களும் விட்டுப் பாப்பம்" என்றா. ஞாயிறு மத்தியானம் விறாந்தையில் மற்ஸ் கொப்பி, செஸ் போர்ட், அவன் கழற்றிப் போட்டிருந்த பழைய ரேடியோ எல்லாவற்றையும் வைத்துவிட்டு, யன்னல் சீலைக்குப் பின்னால் இரண்டு பேரும் ஒளிந்து நின்றோம்.

வந்தான். எல்லாவற்றையும் ஒரு பக்கம் தள்ளிவிட்டுப் பாயை விரித்தான். முதல் நாள் மூன்று ரியூசன். நாலரை மட்டும் நல்ல நித்திரை.